நீங்காத ஒற்று

"ஐயா, நிரலில் மழை குறைகிறது."

2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் தொலைபேசியில் வந்த இந்த வரியைக் கேட்டு நாங்கள் முதலில் சிரித்துவிட்டோம். வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்தது. மறுமுனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவர் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். வார நாள்களில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. சனி, ஞாயிறுகளில் குறுந்தொகை. இயற்கையைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் அந்நூலில் எவ்வளவு பயில்கின்றன, தலைவி கூற்றில் எத்தனை, தோழி கூற்றில் எத்தனை என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையின் மேல் ஓர் இயலை எழுதி முடித்திருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு மாதங்களே இருந்தன. எண்ணிக்கையைத் தந்தது நாங்கள் எழுதிக் கொடுத்த நிரல். அந்த நிரல் பொய் சொல்லியிருந்தது.

அப்பொய் எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதைச் சொல்வதற்கு சி, சி++ என்னும் கணினி மொழிகளில் வழங்கும் மேக்ரோ என்ற ஒன்றை விளக்கியாக வேண்டும். இலக்கியம் படிக்க வந்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சற்றுத் தூரம் உடன் வந்தால் இது நம் வீட்டுச் சங்கதிதான் என்பது விளங்கும். எழுத்து, சொல், புணர்ச்சி, பெயர் என்பவற்றைத் தாண்டி இதில் அதிகம் ஒன்றுமில்லை.

'நாங்கள்' என்று எழுதுவது மரியாதைப் பன்மை அன்று. ஒரே கல்லூரியில் தமிழ்த்துறையில் ஒருவரும் கணினி அறிவியல் துறையில் ஒருவருமாக நாங்கள் இருவர். ஒரே பேருந்தில் பல ஆண்டுகள் போய்வந்ததில் விளைந்தது இந்தக் கூட்டு. எழுதும் கை தமிழ்த்துறையினுடையது. தவறு இருவருக்கும் பொது.

*

சங்கப் பாடலைக் கணினியிடம் கொடுத்துச் சொல்லடைவு செய்யப் புகுந்தால் முதலில் வழிமறிப்பது சந்தி. 'மழைக்கண்' என்ற தொடரில் நிலைமொழி மழை, வருமொழி கண். இடையில் நிற்கும் ககர ஒற்று இரண்டில் ஒன்றுக்கும் உரியதன்று. இரண்டும் கூடியதால் பிறந்தது. அதை நீக்கினால்தான் மழை மழையாகும். நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்த விகாரங்களை நாங்கள் தலைகீழாக நடத்த வேண்டியிருந்தது. தோன்றியதை நீக்க வேண்டும். திரிந்ததைத் திருப்ப வேண்டும். கெட்டதை மீட்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சார்பு எழுதினோம். சார்பு என்பது கொடுத்ததை வாங்கிக்கொண்டு, இட்ட வேலையைச் செய்து, ஒரு விடையைத் திருப்பித் தரும் நிரற்பகுதி. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்களும் அச்சார்புகளின் வழியே ஒவ்வோர் அடியாகச் சென்றன.

பிறகு அச்சார்புகளை ஒரு நூலகமாகத் தொகுத்தோம். மென்பொருள் எழுதுவோர் வழக்கில் நூலகம் என்பது, பிறர் தம் நிரலில் எடுத்துக் கையாளத்தக்க சார்புகளின் தொகுதி. பிறர் கைக்குப் போகும் நூல் என்றவுடன் இரண்டு கவலைகள் வந்து சேர்ந்தன. பிழை நேர்ந்தால் அது வாய்திறந்து தன்னை அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. நாங்கள் இடும் பெயர்கள் ஒன்றோடொன்றோ, பிறர் இட்ட பெயர்களோடோ மோதக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டு கவலைக்கும் சி மொழியைச் சேர்ந்தவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் மருந்து ஒன்றே. அதுதான் மேக்ரோ.

சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் படிப்பதற்கு முன் வேறொருவர் படிக்கிறார். அவருக்கு முன்செயலி என்று பெயர். அவருக்கு அம்மொழியின் தொடரிலக்கணம் தெரியாது, பொருளும் தெரியாது. ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதும் பழைய எழுத்தாளரைப் போன்றவர். 'இச்சொல் வருமிடந்தோறும் இத்தொடரை எழுதுக' என்று சொல்லிவைத்தால் அப்படியே எழுதிவிடுவார். அவ்வாறு சொல்லிவைப்பதே மேக்ரோ. பெயர்த்தெழுதி முடித்த பிரதிதான் கம்பைலர் கைக்குச் செல்லும். மூலத்தைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை.

சி மொழியை ஆக்கிய டெனிஸ் ரிட்சி, அம்மொழி வளர்ந்த கதையை 1993இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஆலன் ஸ்னைடர் என்பவர் வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, 1972-73 அளவில் பெல் ஆய்வகத்தில் முன்செயலி சேர்க்கப்பட்டது என்கிறார். தொடக்கத்தில் அது ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதையும், ஒரு பெயருக்கு ஒரு தொடரை மாற்றி வைப்பதையும் மட்டுமே செய்தது. பின்னர் மைக் லெஸ்க்கும் அவருக்குப் பின் ஜான் ரைசரும் அதை விரிவாக்கி, உள்ளீடு பெறும் மேக்ரோக்களுக்கு இடம் செய்தனர். சில ஆண்டுகள் வரை அது மொழியின் உறுப்பாகவே கருதப்படவில்லையாம். நிரலின் தலையில் ஓர் அடையாளம் இருந்தால் மட்டுமே அதை அழைப்பார்களாம். வாசலில் நின்ற இந்த ஏவலாளிடம் பின்னாளில் வீட்டின் பாதிப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

*

பொறுப்புகளில் முதலாவது, அஸர்ட் எனப்படும் உறுதிக்கூற்று.

நிரல் எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் எதையோ நம்பிக்கொண்டே எழுதுகிறார். 'இங்கு வரும்போது வருமொழி வெறுமையாக இராது', 'இந்த எண் சுழியத்தினும் பெரிதாகவே இருக்கும்' என்பன போன்ற நம்பிக்கைகள் அவை. பெரும்பாலும் இவை எழுதுபவர் மனத்தோடு நின்றுவிடும். அவற்றை வெளிப்படையாக எழுதி, ஓடும்போது கணினியையே சரிபார்க்கச் செய்வது அஸர்ட். கூற்று மெய்யானால் ஒன்றும் நிகழாது. பொய்த்தால், பொய்த்த கூற்றையும் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் திரையில் எழுதிவிட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இவ்வெண்ணம் சி மொழிக்கும் மூத்தது. 1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில் ஆலன் டியூரிங் பெரிய நிரல் ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி என்று பேசினார். நிரலை எழுதியவரே ஆங்காங்கே திட்டவட்டமான கூற்றுகளைச் செய்துவைத்தால், சரிபார்ப்பவர் அவற்றைத் தனித்தனியே சோதித்து, முழுமையின் சரிமையை அவற்றிலிருந்து பெறலாம் என்பது அவர் கருத்து. நீண்ட கூட்டல் கணக்கில் ஒவ்வொரு நிரைக்கும் மீதத்தைக் குறித்துவைத்தால் ஆளுக்கொரு நிரையாகப் பகிர்ந்து சரிபார்க்கலாம் அல்லவா, அது போல என்று விளக்கினார்.

அஸர்ட்டைச் சாதாரணச் சார்பாக எழுதாமல் மேக்ரோவாக எழுதியதன் காரணம் தமிழ் படித்தவர்களுக்கு இனிக்கும். ஒரு சார்பிடம் ஒரு கூற்றைக் கொடுத்தால் அதனிடம் போய்ச்சேர்வது கூற்றின் பொருள் மட்டுமே, அதாவது மெய் அல்லது பொய் என்னும் முடிவு. எந்தச் சொற்களால் அக்கூற்று சொல்லப்பட்டது என்பது வழியிலேயே மறைந்துவிடும். மேக்ரோவிடம் போய்ச்சேர்வதோ எழுதிய எழுத்து. அதில் # என்ற ஒற்றைக் குறியை இட்டால், கொடுத்த கூற்று மேற்கோளுக்குள் அடைபட்ட வெறும் எழுத்துத் தொடராகிவிடும். ஆகவே பொய்த்த கூற்றைத் தன் சொல் மாறாமல் எடுத்துக்காட்ட மேக்ரோவால் முடிகிறது. கணினியில் எல்லாரும் பொருளையே பார்க்க, சொல்லைப் பார்க்கும் ஒருவர் முன்செயலி. 2020ஆம் ஆண்டின் சி++ தரத்தில், கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் மேக்ரோ இன்றியே பெற வழி வந்தது. கூற்றின் சொற்களை எடுத்துக்காட்ட அவ்வழி உதவாது. அதற்கு மேக்ரோதான் வேண்டும்.

பொறுப்புகளில் இரண்டாவது பெயராக்கம். இதை முதன்முதலில் கேட்டபோது எங்களில் தமிழ்த்துறையைச் சேர்ந்தவருக்கு வகுப்பறைக்குள் நுழைந்த உணர்வு. ## என்ற இரட்டைக் குறியை இரண்டு சொற்களுக்கு நடுவே இட்டால், அவை ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். நிலைமொழி, வருமொழி, புணர்ச்சி! தோன்றலோ திரிதலோ கெடுதலோ இல்லை. என்றும் இயல்பு புணர்ச்சிதான். 1989ஆம் ஆண்டின் தரப்பாட்டில்தான் இக்குறி சேர்ந்தது. அதற்கு முன் ரைசரின் முன்செயலியைக் கையாண்டோர் ஒரு தந்திரம் செய்தனர். நிரலில் எழுதும் குறிப்புரையை அந்த முன்செயலி சுவடின்றி நீக்கிவிடும். எனவே இரண்டு சொற்களுக்கு நடுவில் வெற்றுக் குறிப்புரை ஒன்றை இட்டுவைப்பார்கள். அது மறைந்ததும் இருபுறச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும். 1989இன் தரப்பாடு குறிப்புரை இருந்த இடத்தில் ஓர் இடைவெளி எஞ்ச வேண்டும் என்று விதித்து அத்தந்திரத்தை முடித்துவைத்தது. பதிலுக்கு ## குறியைத் தந்தது.

ஒட்டிப் பெயர் செய்வானேன்? ஒரு மேக்ரோ உள்ளே ஒரு பெயரைப் படைத்தால், அம்மேக்ரோவை இரண்டிடத்தில் எழுதும்போது அதே பெயர் இரண்டு முறை பிறந்து மோதும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் வேண்டும். நூலகம் எழுதுவோர் கண்ட எளிய வழி, பெயரின் வாலில் வரி எண்ணை ஒட்டுவது. நாற்பதாம் வரியில் பிறந்த பெயருக்கு நாற்பது, அறுபதாம் வரியில் பிறந்ததற்கு அறுபது. பூஸ்ட் என்னும் புகழ்பெற்ற சி++ நூலகத் தொகுதியில், கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும் நிலை உறுதிக்கூற்று நெடுங்காலம் இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு கூற்றும் வரி எண் ஒட்டிய ஒரு பெயரைப் பிறப்பிக்கும். அப்பெயரை யாரும் ஒருபோதும் அழைக்கப்போவதில்லை. மோதாமல் இருப்பதற்காக மட்டுமே பிறந்த பெயர் அது. 2011இல் நிலை உறுதிக்கூற்று சி++ மொழியின் உறுப்பாகவே ஆன பின்பு அதற்கு அப்பெயர் தேவையில்லாமற் போயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வரி எண்ணைக் குறிப்பது 'லைன்' என்னும் முன்வகுத்த மேக்ரோ. அதை ## குறியின் பக்கத்தில் நேரே வைத்தால் எண் வராது. 'லைன்' என்ற எழுத்துகளே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன் சொல்லை விரிக்கக் கூடாது என்பது அக்குறியின் விதி. எனவே ஒட்டும் மேக்ரோவை இன்னொரு மேக்ரோவுக்குள் பொதிந்து, வெளிப்படியில் விரித்து உட்படியில் ஒட்டுகிறார்கள். விரித்தபின் புணர்த்து என்பது சூத்திரம். பூஸ்ட் தொகுதியில் இவ்வேலைக்கென்றே மூன்று படிகள் கொண்ட ஒரு மேக்ரோ உண்டு. அதன் தலைக்குறிப்பில் எழுதியவர்களே அதை மாயம் என்றுதான் குறித்திருக்கிறார்கள்.

ஒட்டிய பெயரில் ஒட்டிய இடம் தெரியாமற் போவதே பெயராக்கத்தின் பெருந்துன்பம். கூகுள் டெஸ்ட் என்னும் சோதனை நூலகம், சோதனைக் குழுவின் பெயரையும் சோதனையின் பெயரையும் நடுவில் ஓர் அடிக்கோடு வைத்து ஒட்டி ஒரு பெயர் செய்கிறது. அதனால் நீங்கள் இடும் பெயர்களுக்குள் அடிக்கோடு வேண்டாம் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது. காலம் அம்புபோல் பறக்கும் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சொற்களை அங்கே உதாரணமாகக் காட்டுகிறார்கள். முதற்சொல்லைக் குழுவுக்கும் எஞ்சியதைச் சோதனைக்கும் பெயராக ஒருவர் இடுகிறார். முதல் இரண்டு சொற்களைக் குழுவுக்கும் எஞ்சியதைச் சோதனைக்கும் இன்னொருவர் இடுகிறார். இருவரும் அடிக்கோட்டால் சொற்களைக் கோத்திருந்தால் ஒட்டியபின் பெயர் ஒன்றே.

இதைப் படித்த அன்று எங்கள் தமிழ்த்துறையாளர் கரும்பலகையில் 'செம்பொன்பதின்தொடி' என்று எழுதினார். செம்பொன் பதின் தொடி என்றும் பிரியும். செம்பு ஒன்பதின் தொடி என்றும் பிரியும். பத்துப் பொன்னா, ஒன்பது செம்பா? எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறுபடும் இவ்வகைப் புணர்ச்சியைத் தொல்காப்பியம் புணரியலில் பேசுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் 'குன்றேறாமா'வும் இவ்வினமே: குன்று ஏறா மா, குன்று ஏறு ஆமா. ஒலிக்கும் முறையால் இவை வேறுபடும் என்பது இலக்கணம் சொல்லும் தீர்வு. கணினிக்குக் காதில்லை. கணினித்துறையாளர் நெடுநேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைத் தெரிந்தவர்களைக் கலந்துகொண்டு அந்த நூலகத்தை எழுதியிருக்கலாம்" என்றார்.

எங்கள் நூலகத்திலும் இம்மோதல் நேர்ந்தது. சந்தி விதிகளுக்கான சோதனைகளுக்கு நிலைமொழி, வருமொழிகளைக் கொண்டே பெயரிட்டதால் இரண்டு பெயர்கள் ஒன்றாயின. ஒரே கோப்பில் இருந்தமையால் கம்பைலர் உடனே கூச்சலிட்டது. ஒரு மாலைப்பொழுதில் திருத்திவிட்டோம். பிழை கூச்சலிட்டவரைக்கும் எங்களுக்குத் துன்பம் இல்லை.

*

அந்த ஞாயிறுக்கு மறுநாள் ஆய்வாளர் தம் பழைய மடிக்கணினியோடு கல்லூரிக்கு வந்தார். பள்ளியில் அரைநாள் விடுப்பு. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் குறுந்தொகைப் பாடல்களைத் தம் கையாலேயே எண்ணி எழுதியிருந்தார். தலைவி கூற்றில் மழை என்னும் சொல் எதிர்பார்த்ததற்குக் குறைவாக இருப்பதாக நிரல் சொன்னது. அக்குறைவின் மேல்தான் அவர் தம் இயலைக் கட்டியிருந்தார். கார்காலத்துக்குக் காத்திருப்பவள் மழையின் பெயரைச் சொல்லவே அஞ்சுகிறாள், சொல்லாமற் சொல்கிறாள் என்பது வாதம். அழகான வாதம். அந்த இயலின் ஓரத்தில் 'அருமை' என்று எழுதிக் கொடுத்தது எங்கள் கை.

"எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்தது ஐயா. பாட்டு என் மனத்தில் இருக்கிறது, அதில் மழை இருக்கிறது. என் இயலில் இல்லை" என்றார்.

எங்கள் கணினியில் நிரலை ஓட்டினோம். மழை குறையவில்லை. நோட்டில் இருந்த எண்ணிக்கையும் நிரலின் எண்ணிக்கையும் ஒத்திருந்தன. அவருடைய மடிக்கணினியில் ஓட்டினோம். குறைந்தது. ஒரே நிரல், ஒரே பாடல்கள், இரண்டு விடைகள். கணினித்துறையாளர் முகம் மாறியதை அப்போது கண்டோம்.

அஸர்ட்டைப் பற்றி மேலே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை ஒரேயடியாக அணைத்துவிட முடியும். 'பிழைதிருத்தம் வேண்டாம்' என்று பொருள்படும் ஒரு மேக்ரோப் பெயரை வரையறுத்துவிட்டால், நிரலில் உள்ள அத்தனை அஸர்ட்டும் வெறுமையாகப் பெயர்த்தெழுதப்படும். சோதனைக்கு ஆகும் நேரம் மிஞ்சும்; நிரல் விரைந்து ஓடும். நிரலை ஆக்கித்தரும் கருவிகள் பலவற்றில், வெளியீட்டுக்குரிய பதிப்பு என்று தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் இவ்வரையறை தானாகவே சேர்ந்துவிடுகிறது. ஆய்வாளருடைய மடிக்கணினி பழையது, அதில் தாமதமின்றி ஓடட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவருக்கென்று வெளியீட்டுப் பதிப்பை ஆக்கிக் கொடுத்திருந்தோம். எங்கள் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது சோதனைப் பதிப்பு.

அணைத்தால் சோதனைதானே போகும், விடை எப்படி மாறும்? இரவு எட்டு மணிக்கு அந்த வரியைக் கண்டோம். அதன் வடிவம் தமிழில் இது:

அஸர்ட்( மிகுந்த ஒற்றை நீக்கு( நிலைமொழி ) )

ஒற்றை நீக்கும் சார்பு, நீக்கி முடித்ததும் 'மெய்' என்று விடை தரும். அவ்விடை மெய்தானா என்று சரிபார்க்க, சார்பை அழைக்கும் தொடரையே அஸர்ட்டுக்குள் எழுதிவிட்டோம். சோதனைப் பதிப்பில் ஒற்று நீங்கியது, சரிபார்ப்பும் நடந்தது. வெளியீட்டுப் பதிப்பில் முன்செயலி அந்த வரி முழுவதையும் வெறுமையாக்கியது. அதற்குப் பொருள் தெரியாது என்று சொன்னோமே. சோதனை எது, வேலை எது என்று அது எப்படி அறியும்? ஒற்று நீங்கவில்லை. மழை 'மழைக்' என்று நின்றது. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது என்ற விதியையும் நாங்கள் நிரலில் எழுதியிருந்தோம். ஆகவே அந்த 'மழைக்' எல்லாம் பிரிக்க இயலாதவை என்னும் தனிக்கோப்புக்குத் தள்ளப்பட்டு, எண்ணிக்கையிலிருந்து விலகின. அக்கோப்பை அவரும் திறக்கவில்லை, நாங்களும் திறக்கச் சொல்லவில்லை. அன்றிரவு திறந்தபோது காணாமற்போன மழையெல்லாம் அங்கே வரிசையாக நின்றது.

சி மொழி பயிலும் மாணவருக்கு இது பாலபாடம். அஸர்ட்டுக்குள் வேலை எதையும் வைக்காதே என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். கணினித்துறையாளரே பதினைந்து ஆண்டுகளாக அதை வகுப்பில் சொல்லிவந்தவர். பூஸ்ட் தொகுதியில் இதற்கென்று இரண்டு மேக்ரோக்களைத் தனித்தனிப் பெயரில் வைத்திருக்கிறார்கள். ஒன்று அணைத்தால் கூற்றோடு மறையும். மற்றொன்று, வெரிஃபை எனப்படுவது, அணைத்தாலும் கூற்றுக்குள் இருக்கும் வேலையைச் செய்துவிட்டுச் சரிபார்ப்பை மட்டும் விடும். தெரியாமை அன்று எங்கள் குற்றம். ஒரு வரி மிச்சமாகிறதே என்று எழுதியதுதான் குற்றம்.

திருத்தம் இரண்டு வரி. முதலில் ஒற்றை நீக்கி விடையை ஒரு பெயரில் வாங்கு. பிறகு அப்பெயரைச் சரிபார். எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஆய்வாளருக்கு ஓர் இயல் போயிற்று. ஆறு மாத நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். அதற்குரிய கட்டணத்தை நாங்கள் செலுத்துகிறோம் என்றோம். "வேண்டாம் ஐயா. அந்தக் கோப்பை நானும் திறந்து பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அவ்வாறு அவர் சொல்லாமல் கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

*

கணினி அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான டோனி ஹோர், இவ்வாறு சோதனைகளை அணைத்துவிட்டு வெளியிடும் வழக்கத்தை 1973இலேயே கடிந்திருக்கிறார். கரையில் பயிற்சி செய்யும்போது மிதவைச் சட்டை அணிந்துகொண்டு, கடலில் இறங்கும் நேரத்தில் அதைக் கழற்றிவைக்கும் படகோட்டியை என்னவென்று சொல்வது என்பது அவர் கேட்ட கேள்வி. விரைவு வேண்டிய இடம் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. நொடிக்குப் பல இலட்சம் முறை ஓடும் வரியில் ஒவ்வொரு சோதனைக்கும் விலை உண்டு. 401 சிறு பாடல்களைப் பிரிக்கும் நிரலில் நாங்கள் மிச்சப்படுத்திய நேரம் ஒரு வாய் தேநீர் குடிக்கக்கூடப் போதாது.

அந்த நாள்களில் எங்கள் மனத்தில் வந்துவந்து போனது உ.வே.சாமிநாதையரின் பதிப்பு முறை. 1894இல் வெளிவந்த அவருடைய புறநானூற்றில் ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று பக்கத்தின் அடியில் காட்டியிருக்கிறார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பாடல்களை முன்னிழுத்து அவ்வெண்களை நிரப்பிவிடும் வழக்கம் ஏற்படவில்லை. அவ்விடங்கள் வெற்றிடமாகவே எண்ணோடு நிற்கின்றன. பதிப்பாசிரியர் தம் ஐயங்களையெல்லாம் தம் அறையோடு வைத்துக்கொண்டு துப்புரவான மூலத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் பக்கம் அழகாக இருந்திருக்கும். நாமும் எதுவும் குறையவில்லை என்று நம்பியிருப்போம். ஐயம் வாசகர் கைக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். நாங்களோ எங்கள் மேசையில் ஐயப்பட்டோம். வாசகரிடம் கொடுக்கும்போது ஐயத்தை நீக்கிவிட்டுக் கொடுத்தோம். அத்தோடு வேலையும் நீங்கிப்போனது.

ஆய்வாளர் தம் இயலை மறுபடி எழுதினார். புதிய எண்ணிக்கையில் தலைவி மழையைச் சொல்ல அஞ்சவில்லை. முன்னைய வாதம் அளவுக்கு இது கவர்ச்சியாக இல்லை. ஆனால் பாட்டில் உள்ளது இதுதான். பட்டம் பெற்று, இப்போது அதே பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறார்.

எங்கள் நூலகத்தில் இன்று 'உறுதி' என்று நாங்களே எழுதிய மேக்ரோ ஒன்று இருக்கிறது. அதை அணைக்க வழி வைக்கவில்லை. பொய்த்தால் கூற்றையும் வரி எண்ணையும் சொல்லி நிற்கும். ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும், பிரிக்க இயலாதவை இத்தனை என்று எண்ணிக்கையின் தலையிலேயே அச்சிடும்படியும் செய்திருக்கிறோம். பழைய வரியை நாங்கள் அழிக்கவில்லை. கம்பைலர் படிக்காத குறிப்புரையாக்கி, கண்டுபிடித்த நாளையும் சேர்த்து, திருத்திய வரியின் அடியிலேயே வைத்திருக்கிறோம். புதிதாக இந்நிரலைத் தொடவரும் மாணவர்கள் இது எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். அது பிரதிபேதம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மழை குறைந்த கதையை முதலிலிருந்து தொடங்குவோம்.